மோர்மிளகாய்க்கு ஒரு மெசின்: காய் உலர்த்தும் பெட்டி எப்படி?

காய்கறி உலர்த்தும் மெசின் வாங்கலாமா என்று ஆராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது "பின்வளவில் எத்தனை மிளகாய்க் கண்டு நிற்குது?" என்றுதான். நாலைந்து கண்டு என்றால் வேண்டாம், தமிழ்க் கடையில் ஒரு பைக்கற் மோர்மிளகாய் வாங்கிக்கொள்ளுங்கோ. பத்துப் பன்னிரண்டு மிளகாய்க் கண்டு, ஒரு பாகற்பந்தல், ஓர் ஓரத்தில் தக்காளி என்று இருப்பவர்கள் மட்டும் மேலே வாசியுங்கோ. உங்களுக்கு இந்தப் பெட்டி உதவும். ஆனால் ஒரு பெரிய குறையும் ஒரு சின்னக் குறையும் இருக்கின்றன, அவற்றையும் சொல்லுகிறேன்.

நான் இருப்பது கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில். இங்கே வீட்டுத்தோட்டம் மே மாதம் விக்ரோறியா தின லீவோடு தொடங்கி, ஒக்ரோபரில் முதல் உறைபனி விழும் இரவோடு முடியும். யூலை முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, "இந்த வருசம் ஒண்டும் காய்க்காது போலை" என்று எல்லா வீட்டிலும் ஒரே முணுமுணுப்பு. ஓகஸ்ட் நடுப்பகுதி தாண்டியதும் எல்லாம் சேர்ந்து கொட்டும். ஒரு நாள் பறிக்காமல் விட்டால் வெண்டிக்காய் முற்றிவிடும், பாகற்காய் பழுத்து வெடித்து உள்ளே சிவப்பு விதையைக் காட்டிக்கொண்டு நிற்கும். அயலுக்குக் கொடுக்கலாம் என்றால் அயலிலும் அதே கதைதான். கோயிலுக்கு ஒரு பை புடலங்காய் கொண்டுபோனால், அங்கே வாசலில் ஏற்கெனவே நாலு பை வைத்திருப்பார்கள். அதிலும் ஒன்று போன கிழமை நீங்களே ஒருவருக்குக் கொடுத்த பையாக இருக்கும்.

ஊரில் என்றால் இதற்கு மெசின் தேவையில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் முற்றத்தில் ஒரு பாயை விரித்தால் வேலை முடிந்தது. ஒடியல் காய்ந்தது, பினாட்டு காய்ந்தது, வேப்பம்பூ வடகம் காய்ந்தது, மோர்மிளகாய் காய்ந்தது. காகத்துக்கு ஒரு கறுப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட்டால் காணும். இங்கே விளைச்சல் வரும் நேரத்தில் வெயில் போய்விடுகிறது. செப்ரெம்பர் வெயில் கண்ணுக்குக் கூசும், உடம்பில் சூடு பிடிக்காது. பின்னேரம் ஐந்து மணிக்கே பக்கத்து வீட்டு நிழல் டெக்கை மூடிவிடும், இரவில் பனி இறங்கிப் பகல் காய்ந்ததெல்லாம் திரும்ப நனையும். அதற்கு மேலே மஞ்சள் குளவி. கோடை முடிகிற இந்த நாட்களில்தான் அவை தின்ன ஏதும் கிடைக்குமா என்று எல்லாத் தட்டிலும் வந்து மொய்க்கும். தயிரில் ஊறிய மிளகாயை வெளியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தட்டுக்குக் கிட்டப் போக முடியாது.

ஒவனில் செய்யலாம்தானே என்பார்கள். இங்குள்ள கன ஒவன்களில் ஆகக் குறைந்த சூடு 170 பாகை பரனைட், அதாவது 77 செல்சியஸ். அது காயவைக்கிற சூடு இல்லை, மெல்ல மெல்ல வேகவைக்கிற சூடு. மிளகாய் கறுத்துவிடும். கதவுக்கு இடையில் ஒரு அகப்பையைச் செருகித் திறந்து வைத்தும் பார்க்கலாம். அப்போது வீட்டுக்குள் ஏசி ஒரு பக்கம், ஒவன் ஒரு பக்கம் என்று இரண்டும் சண்டை பிடித்துக்கொண்டு ஓடும்.

ஆகவே மெசின். நான் வாங்கியது மைக்ரோவேவ் அளவில் ஒரு சதுரப் பெட்டி. உள்ளே பத்துக் கம்பித் தட்டுகள், பின்சுவரில் ஒரு விசிறியும் சூடாக்கும் கம்பிச் சுருளும், முன்னுக்குக் கண்ணாடிக் கதவு. 95 முதல் 165 பாகை பரனைட் வரை வைக்கலாம், ரைமரும் இருக்கிறது. வரியோடு சேர்த்து இருநூறு டொலருக்குக் கொஞ்சம் மேலே போனது. பெயர் சொல்லவில்லை என்று கோபிக்க வேண்டாம். இதே பெட்டி இன்ரநெற்றில் ஏழெட்டுப் பெயரில் வருகிறது, ஸ்ரிக்கர் மட்டும்தான் மாறும். நீங்கள் பார்க்கவேண்டியது விசிறி எங்கே இருக்கிறது என்பதை.

இது முக்கியம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுகிறேன். கடையில் மலிவாகக் கிடைப்பது வட்டமாய், தட்டுக்கு மேல் தட்டு அடுக்குகிற வகை. அதில் பெரும்பாலும் விசிறி அடியில் இருக்கும். அப்பிளும் வாழைப்பழமும் காயவைக்கிறவர்களுக்கு அது போதும். எங்களுடைய சாமான் தயிரும் உப்பும் ஒழுகுகிற சாமான். மேல்தட்டில் ஒழுகுவது கீழ்த்தட்டு எல்லாவற்றையும் நனைத்து, கடைசியில் மோட்டருக்குள் இறங்கும். விசிறி பின்சுவரில் இருக்கிற பெட்டியில் காற்று குறுக்காலே ஓடும். ஒழுகுவது அடியிலுள்ள தகட்டில் விழும், அதை இழுத்தெடுத்துக் கழுவிவிடலாம். ஒரு தட்டில் மிளகாயும் இன்னொரு தட்டில் முருங்கையிலையும் வைத்தாலும், வட்ட மெசினில் போல ஒன்றின் ஈரம் மற்றதைத் தாண்டி மேலே போக வேண்டியதில்லை. நாற்பது, ஐம்பது டொலர் மிச்சம் பிடிக்கிறேன் என்று அடிவிசிறி மெசினை வாங்கிவிட்டு மோர்மிளகாய் போட நினைக்காதையுங்கோ.

பெட்டியோடு வருகிற கையேட்டில் எங்களுக்கு ஒன்றும் இல்லை. மாட்டிறைச்சி வத்தல், அப்பிள் வளையம், நாய்க்குக் கொடுக்கிற பண்டம் என்று மூன்று பக்கம். மிச்சத்தை நாங்களே கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

மோர்மிளகாய்தான் நான் இதை வாங்கியதற்கு முதற் காரணம், இன்றைக்கும் அதற்குத்தான் இது கூடுதலாக ஓடுகிறது. நல்ல நீளமான, தோல் ரொம்பத் தடிக்காத பச்சைமிளகாய் வேண்டும். ஊசிமிளகாய் மாதிரிச் சின்னதுகள் சரிவராது, உறைப்புக் கூடி ஆரும் தின்ன மாட்டார்கள். காம்பை விட்டுவிட்டு நடுவில் ஒரு கீறு. புளித்த தயிரைக் கடைந்து உப்புப் போட்டு, மிளகாய் தாழும்படி ஊறவைக்க வேண்டும். தயிர் புளித்திருப்பது அவசியம். இங்கே கடையில் வாங்குகிற வெறுந்தயிரை ஒரு இரவு வெளியே வைத்துப் புளிக்கவிட்டுப் பாவித்தால்தான் ஊர் ருசி வரும்.

ஊர் முறை என்ன? பகலில் வெயில், இரவில் திரும்பத் தயிருக்குள். மூன்று நாள் இப்படி மாறி மாறி. இங்கே நான் அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறேன்: பகலில் தயிருக்குள் (பிரிட்ஜில்), இரவில் மெசினுக்குள். காரணம் கரண்ட் காசு. ஒன்ராறியோவில் நேரத்துக்குத் தக்க கட்டணம் உள்ளவர்களுக்கு வேலைநாட்களில் இரவு 7 மணியிலிருந்து காலை 7 வரை மலிவு நேரம், சனி ஞாயிறு முழு நாளும் மலிவு. பின்னேரம் வேலையால் வந்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, மிளகாயைத் தயிரிலிருந்து வடித்துத் தட்டில் பரப்பி ஏழரைக்கு மெசினைப் போட்டால், விடிய எழும்ப முதல் இரவுக்குரியது முடிந்திருக்கும். மிஞ்சின தயிருக்குள் திரும்பப் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். இரண்டாம் இரவோடு தயிர் முழுக்க உறிஞ்சப்பட்டுவிடும், மூன்றாம் இரவு வெறுமனே காயவைப்பதுதான்.

சூடு 125இல் தொடங்கிக் கடைசி இரவில் மட்டும் 135. அவசரப்பட்டு 160இல் போட்டால் வெளித்தோல் இறுகிவிடும், உள்ளே விதையைச் சுற்றியுள்ள ஈரம் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். கையில் எடுத்தால் காய்ந்தது போலத்தான் இருக்கும். போத்தலில் போட்டு ஒரு மாதம் கழித்துத் திறக்கும்போதுதான் பூஞ்சணம் தெரியும். எந்தக் காயாக இருந்தாலும் இதே கதைதான். கையேட்டில் 'விரைவு' என்று ஒரு பட்டன் படம் போட்டிருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம்.

முடிந்த மிளகாய் வெள்ளையும் பழுப்புமாய், குலுக்கினால் விதை சத்தம் போடும். நிறத்தில் வெயிலில் காய்ந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும்: இது கொஞ்சம் பச்சை கூடியது. பொரித்துச் சோற்றோடும் பருப்போடும் வைத்தால் அம்மா உட்பட ஆரும் வித்தியாசம் சொன்னதில்லை. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, வாயில் ருசி மாறவில்லை. மெசினை முதலில் பார்த்தபோது அவ சொன்னது, "வெயிலுக்கும் காசு குடுக்கிற ஊருக்கு வந்திட்டம், என்ன பிள்ளை." இப்போது கராஜுக்குப் போய்க் கதவைத் திறந்து தட்டு மாற்றுகிறவவும் அவதான்.

தட்டு மாற்றுவது என்றேன், அதுதான் அந்தச் சின்னக் குறை. பின்சுவருக்குக் கிட்ட உள்ளது முதலில் காயும், கதவோரம் உள்ளது பிந்தும். பாதி இரவில் எழும்பி எல்லாத் தட்டையும் முன்பின்னாகத் திருப்பிவிடுவது நல்லது. அம்மாவுக்கு எப்படியும் இரண்டு மணிக்கு நித்திரை குழம்பும் என்பதால் எங்கள் வீட்டில் அது பிரச்சினை இல்லை. உங்கள் வீட்டில் அப்படி ஆருமில்லை என்றால், தட்டில் பரப்பும்போதே தடித்த காய்களைப் பின்னுக்கும் மெல்லியவற்றை முன்னுக்கும் வையுங்கோ. காட்டுகிற சூடும் சரியில்லை. உள்ளே ஒரு ஒவன் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 135 என்று காட்டுகிறபோது முன்பக்கம் 128 மட்டில்தான் நிற்கிறது.

கராஜ் என்றும் சொல்லிவிட்டேன். செத்தல்மிளகாய் போடுவதென்றால் கராஜைத் தவிர வேறு இடமே கிடையாது. சிவந்த மிளகாயை இந்த மெசினில் போட்டு வீட்டுக்குள் வைத்தால், அரை மணித்தியாலத்தில் மேல்மாடியில் இருக்கிறவர்கள் இருமிக்கொண்டு இறங்கி வருவார்கள். தும்மல், கண்ணெரிவு, காய்ச்சல்காரர் வீடு. விசிறி உறைப்பை அப்படியே எடுத்து வீடு முழுக்க ஊதுகிறது. "இஞ்சேர், இதை வெளியாலை கொண்டுபோ, இல்லையெண்டா நான் வெளியாலை போறன்" என்றார் இவர். கராஜிலும் கதவை ஒரு சாண் உயர்த்தி வைக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள வீடென்றால் செத்தலை இதில் போட நினைக்கவே வேண்டாம்.

செத்தலுக்கு முழுமிளகாய்தான் வேண்டும், கீறினால் விதை கொட்டுண்டு போகும். மிளகாய்த் தோலில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இயற்கையாகவே இருப்பதால் முழுதாய்க் காய நேரம் எடுக்கும், ஒரு இரவு காணாது. 135இல் இரண்டு இரவு வையுங்கோ. வளைந்தால் இன்னும் ஈரம், சடக்கென்று முறிந்தால் சரி. நன்றாகச் சிவந்ததைத்தான் போட வேண்டும். பச்சையாய் உள்ளதை மெசின் சிவப்பாக்காது, ஒரு செத்த பாசி நிறத்தில் காய்ந்து வரும். உறைபனி வரப்போகுது என்று வானிலையில் சொன்னால், மிளகாய்க் கண்டை வேரோடு பிடுங்கி பேஸ்மென்றில் தலைகீழாய்த் தொங்கவிடுங்கோ. நிறம் மாறத் தொடங்கியவை அங்கேயே சிவந்துவிடும், பிறகு மெசினுக்குப் போகலாம். இருட்டில் காய்வதால் நிறம் வெளிறாது. கடையில் வாங்குகிற செத்தலுக்குப் பக்கத்தில் வைத்தால் இதன் சிவப்புத் தனியாய்த் தெரியும்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: செத்தலுக்காக இந்த மெசினை வாங்குவது கணக்குக்குச் சரிவராது. ஒரு கிலோ பழமிளகாய் காய்ந்தால் கால் கிலோ மட்டில்தான் தேறும். ஒரு வருசத் தூளுக்கு எங்கள் வீட்டில் தேவைப்படுவதில் வளவு மிளகாய் ஒரு மூலைக்கும் காணாது. தூள் இடிக்கக் கொண்டுபோகிறபோது கடைச் செத்தலோடு இதையும் ஒரு பிடி சேர்க்கிறேன், அவ்வளவுதான். பொரித்து இடித்த சம்பலுக்கு மட்டும் முழுக்க வளவுச் செத்தல். அடுத்த வருசத்துக்கு விதை வேண்டுமென்றால் அந்த மிளகாயை மெசினில் போடவே கூடாது, 95 பாகைக்கு மேலே போனால் விதை முளைக்கிற தன்மை கெடும். விதை மிளகாயைக் கடதாசியில் பரப்பி அறைக்குள்ளேயே காயவிடுங்கோ.

பாகற்காய்க்கு இந்தப் பெட்டி முழுப் புள்ளி வாங்கும். கால் அங்குலத் தடிப்பில் வட்டமாய் வெட்டி, உப்பும் மஞ்சளும் பிசறி, கொஞ்சம் வைத்துப் பிழிந்துவிட்டு 130இல் போட்டால் விடியவே மொறுமொறுப்பாய் வரும். பந்தலில் ஓகஸ்ட் கடைசியில் வருகிற காய்க்குக் கைப்பு கூட, கறிக்கு ஆருக்கும் பிடிக்காது. வத்தலாய்ப் போட்டால் அந்தக் கைப்பேதான் ருசி. மாரியில் வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது நாலு வத்தலைப் பொரித்துப் புளிக்குழம்பில் போட்டால் வேறு கறி வேண்டாம். விதை முற்றினதைத் தவிருங்கோ, விதை பொரிந்து பல்லை உடைக்கும்.

கத்தரிக்காயை நான் வத்தல் போட்டதே இல்லை, எங்கள் பக்கத்தில் அந்தப் பழக்கம் பெரிதாய் இல்லை. வேலையிடத்தில் என்னோடு நிற்கிற தஞ்சாவூர்க்காரத் தோழி ஒருவர்தான் சொல்லித் தந்தார். நீளவாக்கில் வெட்டி, மஞ்சளும் உப்பும் போட்ட கொதிதண்ணீரில் ஒரு கொதி விட்டு வடித்துக் காயவைக்க வேண்டுமாம். செய்தேன். பார்க்கக் கறுத்து, சுருங்கி, ஒரு அழகும் இல்லை. அவரிடமே கொடுத்தேன், "அக்கா, நாளைக்கு வத்தக்குழம்பு கொண்டு வர்றேன்" என்றார். கொண்டுவந்தார். அன்றிலிருந்து கத்தரிக்கும் ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறேன். இரவுக் குளிர் ஏறத் தொடங்கியதும் கத்தரிப்பூ பிடிக்காமல் உதிரும், அதற்கு முதல் வந்த காயெல்லாம் இப்படித்தான் போகிறது.

தக்காளியில் எனக்கு இரண்டு மனம். பக்கத்து வீட்டு இத்தாலிய அம்மா செப்ரெம்பர் தொடக்கத்தில் லேபர் டே லீவு வருகிற நாட்களில் கராஜில் பெரிய அடுப்பை மூட்டி, பெட்டி பெட்டியாய்த் தக்காளி காய்ச்சி வருசத்துக்குரிய சோஸைப் போத்தலில் அடைத்துவிடுவா. மகன், மருமகள், பேரன் என்று முழுக் குடும்பமும் நிற்கும். என் மெசினைப் பார்த்து, தக்காளியை அதில் போடுவது தண்ணீரைச் சூடாக்கிக் காற்றில் விடுகிற வேலை என்ற மாதிரி ஏதோ சொன்னா. அவ சொன்னதில் நியாயம் இருக்கு. தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேலே தண்ணீர். ஒரு தட்டு நிறைய அடுக்கினால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடி ரசத்துக்கும் மீன்குழம்புக்கும் நல்ல புளிப்பு, அதில் குறை இல்லை. ஆனால் நிறையக் காய்த்த வருசத்துக்கு அவவுடைய வழிதான் வழி. சாறு நிறைந்த பெரிய தக்காளியை விட்டுவிட்டு, சதைப்பிடிப்பான நீளத் தக்காளியையும் செறித் தக்காளியையும் மட்டும் மெசினுக்கு வையுங்கோ. எண்ணெயில் ஊறப்போட்டு வைக்க ஆசைப்படுகிறவர்கள், குறிப்பாக உள்ளி சேர்ப்பவர்கள், அதைப் பிரிட்ஜில் மட்டுமே வைத்துக் கெதியாய்த் தின்று முடிக்க வேண்டும். உள்ளி போட்ட எண்ணெய் வெளியே நின்றால் நஞ்சாகலாம் என்று கனடிய சுகாதாரத் திணைக்களமே எச்சரிக்கிறது.

இலைவகை சுகமான வேலை. சாடியில் நிற்கிற கறிவேப்பிலையை இரவுக் குளிர் 10 செல்சியஸுக்குக் கிட்ட வர முதல் வீட்டுக்குள் எடுக்க வேண்டும், எடுக்க முதல் கவ்வாத்துப் பண்ணுகிறபோது ஒரு அள்ளு இலை மிஞ்சும். முருங்கை கோடையில் சாடியிலேயே ஆளுயரம் போய்விடும், அதையும் வெட்டத்தான் வேண்டும். இரண்டுக்கும் 95 பாகையே போதும், மூன்று நாலு மணித்தியாலத்தில் நொறுங்கும். முருங்கையிலைத் தூளுக்கு நல்ல பச்சை நிறம் வருகிறது. கறிவேப்பிலை வாசம் பாதி போய்விடுகிறது. தூளில் அரைக்கலாம், தாளிக்க உதவாது. அதைப் பிரீசரில் போடுவதே மேல்.

பிரீசர் என்றதும், இந்த மெசினுக்கு எது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புடலங்காயில் காய்ந்தபின் ஒன்றும் மிஞ்சாது. பயித்தங்காய் காய்ந்தால் சணல்கயிறு மாதிரித்தான், பிறகு எந்தத் தண்ணீரில் ஊறப்போட்டாலும் மெல்ல முடியாது. ஒரு கொதி விட்டுப் பிரீசரில் போடுங்கோ. வெண்டிக்காய் வத்தல் நல்லது என்று தஞ்சாவூர்த் தோழி சொல்லுகிறார், எனக்குப் பிடிக்கவில்லை. பூசணி, சுரைக்காய் பேச்சே வேண்டாம்.

காய்ந்ததை உடனே போத்தலில் அடைத்து அலுமாரியில் ஏற்றிவிடாதையுங்கோ. சூடு ஆறவிட்டு, கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி போட்டு மூடி, ஒரு கிழமைக்குத் தினமும் ஒருதரம் குலுக்க வேண்டும். ஒரு துண்டில் நிற்கிற ஈரம் மற்றவற்றோடு பகிர்ந்து சமமாகும். கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்தால் திரும்ப மெசினுக்குப் போக வேண்டியதுதான். மழைநாளில் கராஜ் காற்றே ஈரமாய் இருக்கும், அன்றைக்கு எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று மணித்தியாலம் கூடப் பிடிக்கும்.

கரண்ட் செலவு பயப்படுகிற அளவுக்கு இல்லை. மெசின் 600 வாட். பத்து மணித்தியாலம் இடைவிடாமல் இழுத்தால் 6 யூனிற். சூடு வந்ததும் தானே நின்று நின்று எரிவதால் அதற்கும் குறையத்தான் போகும். சத்தம் ஒரு சின்ன மேசை விசிறியின் அளவு. நேரம் முடிந்ததும் போடுகிற பீப் சத்தம்தான் தாங்காது, அதை நிறுத்த வழியும் இல்லை. கராஜில் வைக்க இன்னொரு காரணம்.

இனி அந்தப் பெரிய குறை. விளம்பரத்தில் தட்டுகள் எவர்சில்வர் மாதிரி மின்னும். உண்மையில் அது இரும்புக் கம்பிக்கு மேலே பூசின மினுக்கம். உப்பும் புளித்த தயிரும் அந்தப் பூச்சை விடாது. முதற் பருவம் முடிகிறபோதே கம்பிகள் ஒட்டிய மூலைகளில் கபில நிறப் புள்ளி தொடங்கிவிட்டது, தேய்த்துக் கழுவக் கழுவக் கூடுகிறது. விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். மெசினுக்கு ஒரு வருச உத்தரவாதம் இருக்கிறது, தட்டுகள் அதில் அடங்காது என்று பதில் வந்தது. துருப்பிடித்த தட்டில் சாப்பாட்டுச் சாமான் வைக்க எனக்கு மனமில்லை. இப்போதைக்கு ஒவ்வொரு தட்டிலும் சூடு தாங்கும் வலைத்தாள் விரித்து, அதற்கு மேலே மிளகாயைப் பரப்புகிறேன். அப்பிள் மட்டும் காயவைக்கிற வீட்டில் இந்தப் பிரச்சினை வரவே வராது, அதனால்தான் மற்ற விமர்சனங்களில் எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் சமையலுக்கு இது நாலு நட்சத்திரத்துக்கு மேலே போகாது.

வாங்குவதென்றால் ஓகஸ்ட் தொடக்கத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கோ, மிளகாய் காத்திருக்காது. விபரத்தில் தட்டு எதனால் செய்தது என்று தெளிவாய்ப் போட்டிருக்கிறதா பாருங்கோ. போடாவிட்டால் பூச்சுத் தட்டு என்றே எடுத்துக்கொள்ளலாம். அந்த அளவுக்குப் பொருந்துகிற எவர்சில்வர் தட்டுகள் தனியாகவும் விற்கிறார்கள். பத்துத் தட்டும் தேவையில்லை, மோர்மிளகாய்க்கு நாலு இருந்தால் காணும். அந்த நாலு தட்டின் காசையும் சேர்த்துத்தான் மெசினின் விலை என்று கணக்குப் போடுங்கோ.